கல்வெட்டில் மிஞ்சிய காற்புள்ளி

நவ. 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.

அப்பாவின் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், வேலை ஏறக்குறைய முடிவு. அப்பா செத்த முப்பத்தோராம் நாள் 16ஆம் திகதி, ஞாயிறு. அன்று வருகிற சனத்தின் கையில் புத்தகம் இருக்க வேண்டும். நெல்லியடி அச்சகத்துக்குத் திங்களன்று பைல் கொடுக்க வேண்டும். மிச்சம்:

– தேவாரம் இரண்டு பக்கம், எழுத்துப்பிழை பார்க்க
– அப்பாவின் படம் (சிரிக்கிற படம் ஒன்றுகூட இல்லை!)
– நன்றி நவிலல்
– தேங்காயெண்ணெய், பல்பு ஒன்று

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து கனடாவுக்குத் திரும்பின அண்ணையும் பார்க்கட்டும் என்று பைலை கிளவுட் போல்டரில் வைத்து, திருத்துகிற உரிமையும் கொடுத்தேன். நான் இங்கே எழுத, அங்கே அவருடைய கொம்பியூட்டரிலும் தானாக இறங்குகிறது. பச்சைச் சரி அடையாளம் விழுந்தால் இரண்டு பக்கமும் ஒன்று. இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

நவ. 5, புதன்

மழை விட்டது. தேத்தண்ணியோடு பைலைத் திறந்தேன். எங்கள் இரவு அண்ணைக்குப் பகல். ஏதோ திருத்தியிருக்கிறார்.

"சிவநேசன் (கனடா), பவானி (உடுப்பிட்டி), ஆகியோரின் பாசமிகு தந்தையும்..."

என் பெயருக்குப் பிறகு ஏன் காற்புள்ளி? இருபத்திரண்டு வருடம் கொப்பி திருத்தின கண், விடுமா? அங்கே ஒரு பெயர் இருந்தது. வதனி (தெல்லிப்பழை). எங்கள் தங்கச்சி. பெயரை எடுத்தவர் காற்புள்ளியை எடுக்க மறந்துவிட்டார்.

கீழே பார்த்தேன். "அன்பு மாமனாரும்" வரியில் அவளுடைய கணவன் ரவி இல்லை. "அன்புப் பாட்டனாரும்" வரியில் மகள் தர்ஷிகா இல்லை. மூன்று இடம்.

பதினொரு வருடத்துக்கு முன் வதனி தான் விரும்பினவரைக் கட்டினாள். "எங்கடை ஆக்கள் இல்லை." அந்த மூன்று சொல்லோடு வீடு அவளுக்குப் பூட்டியது. அப்பா சாகும்வரை அவள் பெயரை எடுக்கவில்லை. அப்பா முன்னால் நானும் எடுக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்து வாசல் படலையடியில் நின்றவளை நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பழைய பதிப்பை மீட்டேன். மூன்று பெயரும் திரும்பவும் உள்ளே. பச்சைச் சரி.

நவ. 6, வியாழன்

விடிய எழும்பிப் பார்த்தால் மூன்றும் இல்லை. இந்த முறை காற்புள்ளியும் இல்லை. கெட்டிக்காரன்.

அதுகூடப் பரவாயில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று "அப்பா_கடைசி_பவானி" எனத் தனிப் பிரதி ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அதுவும் இல்லை! அதே போல்டருக்குள் வைத்த மடைச்சி நான். அவர் அங்கே அழிக்க, இங்கேயும் அழிந்துவிட்டது. கிளவுட்டின் குப்பைத்தொட்டியில் கிடந்தது. கிண்டி எடுத்து, மூன்று பெயரையும் திரும்பப் போட்டேன்.

இரண்டு இடம் என்று நினைத்தேன். இருந்தது ஒன்றுதான். கடல் கடந்து இருந்துகொண்டு என் மேசையில் கை வைக்கிறார்.

கோபத்தில் கறிக்கு உப்பு இரண்டு தரம். பிடிவாதமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

நவ. 8, சனி

அண்ணை போன் எடுத்தார்.

"பவானி, நீ ஏன் திரும்பத் திரும்ப அந்தப் பேருகளைப் போடுறாய்?"

"நீங்கள் ஏன் அண்ணை திரும்பத் திரும்ப எடுக்கிறியள்?"

"ஊர்ச்சனம் என்ன கதைக்கும்? அப்பா இருந்தால் விட்டிருப்பாரே?"

"விட்டிருக்க மாட்டார். அப்பா செய்தது பிழை. நான் வாய் மூடிக்கொண்டு இருந்ததும் பிழை."

பிறகு இறங்கி வந்தார். "சரி, அவளின்ரை பேரை மட்டும் போடு. உவனையும் பிள்ளையையும் விடு."

"மூண்டும் வரும்."

"இந்த வீட்டுக்கு நான்தான் மூத்தவன்."

"ஓம். அதாலைதான் உங்கடை பேர் முதல் கிடக்கு."

வைத்துவிட்டார். எனக்கு ஒரு சந்தோஷம். ரொறன்ரோவில் இருக்கிறவருக்கு ஊருக்குப் பயம். ஊரில் இருக்கிற எனக்கு இல்லை.

பின்னேரம் வதனிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "விடுங்கோ அக்கா. சண்டை வேண்டாம். நான் பழகீட்டன்."

அந்தப் "பழகீட்டன்" நெஞ்சில் குத்தியது.

"நான் பழக மாட்டன். பிள்ளையின்ரை பேருக்கு எந்த எழுத்து? நான் ஷ போட்டிருக்கிறன்."

"ச அக்கா. தர்சிகா."

பிள்ளைக்கு ஒன்பது வயது. பெயரை எப்படி எழுதுவது என்று பெரியம்மா இன்றுதான் கேட்கிறாள். வெட்கமாக இருக்கிறது. திருத்தினேன்.

நவ. 10, திங்கள்

தூறல். அரைநாள் லீவு.

முதல் வேலை: கிளவுட்டோடு ஒத்திசைவை நிறுத்தினேன். "நிச்சயமாக நிறுத்தவா?" என்று கேட்டது. நிச்சயமாக. பைலை போல்டருக்கு வெளியே எடுத்து, பென் டிரைவில் போட்டு, பொலித்தீன் பையில் சுற்றி, ஸ்கூட்டியில் நெல்லியடி.

அச்சகத்தில் பக்கம் அமைக்கிற சுகந்தி என்னைக் கண்டதும், "ரீச்சர், உங்கடை அண்ணை கனடாவிலையிருந்து காலமை போன் எடுத்தவர். ஈமெயிலிலை வேறை பைல் ஒண்டு அனுப்பியிருக்கிறார். எதை அடிக்கிறது?"

"நான் கையிலை கொண்டுவந்ததை."

"பிறகு ஏதும் பிரச்சினை எண்டால்?"

"என்ரை பேரைச் சொல்லும்."

முதல் பக்கத்தை வாசித்தாள். "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா எண்டு எனக்குத் தெரியாதே ரீச்சர்."

"இப்ப தெரியுந்தானே. அதுக்குத்தான் அடிக்கிறது."

புரூபின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தேன். தேவாரத்தில் இரண்டு பிழை பிடித்தேன்.

நவ. 13, வியாழன்

புத்தகம் வந்துவிட்டது. அட்டை கொஞ்சம் கூடுதல் நீலம். எடுத்தவுடன் அந்த மூன்று வரியைத்தான் பார்த்தேன். சரியாக இருக்கிறது. ச-வும் சரி. பிடிஎப்பையும் பென் டிரைவில் போட்டுத் தந்தாள் சுகந்தி.

நவ. 16, ஞாயிறு

காலை கீரிமலையில் கிரியை. மத்தியானம் வீடு நிறையச் சனம். வதனி, ரவி, பிள்ளை மூன்று பேரும் விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்து இருந்தார்கள். நான் சொல்லவில்லை, தாங்களாகவே.

புத்தகம் கைமாறியது. பெரியப்பா வழியில் ஒருவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, "ஆர் உது தர்சிகா?"

பிள்ளை வகுப்பில் மாதிரிக் கையை உயர்த்தினாள். "நான்."

அவர் அவளை ஒருதரம் பார்த்தார், வரியை ஒருதரம் பார்த்தார். பிறகு பாயசம் கேட்டார். ஊர் கதைத்தது அவ்வளவுதான்.

சனம் கலைந்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். ஒத்திசைவைத் திரும்பப் போட்டேன். போல்டர் என்னுடையது. அச்சடித்த பிடிஎப்பை அதில் வைத்து, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, கொழும்பு, சொந்தம் ஒருவர் விடாமல் அனுப்பினேன். எல்லாருக்கும் பார்க்கிற உரிமை மட்டும். அண்ணைக்கும் பார்வை மட்டும். பச்சைச் சரி.

தேத்தண்ணி ஆறும் முன்னமே அண்ணையின் போன் கோல்.

"பவானி, இதிலை ஒண்டும் செய்ய விடுதில்லை. மாத்தேலாது எண்டு காட்டுது."

"ஓம் அண்ணை. மாத்தேலாது."