நாலு தாள் குறைந்த நோட்டு

டிசம்பர் 13, 1936. ஞாயிறு

பனி. கிணற்றுக் கயிறு விறைத்துக் கிடந்தது. விடுதியில் இன்று என் முறை: கூடம் பெருக்கல், கம்பு புடைத்தல்.

ஆராதனையில் போதகர் ஐயா ஆர்மோனியத்தை உடைத்தார். மண்வெட்டிக் காம்பால். துருத்தி கிழிந்தபோது ஆட்டுக்குட்டி போல ஒரு கத்தல். "முந்நூறு வருஷத்துக்கு முன் சீமையில் பியூரிட்டன் என்ற பக்தர்கள் இருந்தார்கள். பாட்டுப்பெட்டி கிடையாது. கிறிஸ்துமஸ் கிடையாது. பாவத்துக்குப் பயந்தார்கள். இந்தக் காலத்துச் சபை எதற்குப் பயப்படுகிறது? பட்டுச்சேலை கசங்கப் பயப்படுகிறது!" முன்வரிசைப் பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

பிறகு பிரசங்கம். உலகம் உண்டாவதற்கு முன்னே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டாராம். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தானாம். எங்கள் மல்லசமுத்திரத்தில் ஒருத்தனை 'தெரிஞ்சுக்கிட்டாங்க' என்றால் அவன் திருட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பிறப்பதற்கு முன்பே நான் அகப்பட்டுவிட்டேனா? யாரிடமும் கேட்கவில்லை.

ஒவ்வொருத்திக்கும் ஐயா ஒரு ஆத்தும சோதனை நோட்டு கொடுத்திருக்கிறார். தினம் பாவங்களை எழுத வேண்டும். இது அந்த நோட்டு இல்லை. இது துணிப்பெட்டிக்கு அடியில்.

15, செவ்வாய்

கணக்கில் இரண்டு தப்பு. ரசத்தில் உப்பே இல்லை.

நட்சத்திரம் செய்துவிட்டேன். அப்பா இருந்தவரை டிசம்பரில் ஊட்டு வாசலில் கட்டுவார். மூங்கில் சீவல் கிடைத்தது. தாள் இல்லை. என் சோதனை நோட்டு ஐயாவிடம். பக்கத்துப் பாய் ரூத்தின் நோட்டு திறந்து கிடந்தது. நடுவிலிருந்து நாலு தாள். அவள் ராசிபுரத்து நெசவுக்காரர் மகள். அவள் டப்பாவில் சிவப்புச் சாயப்பொடி இருந்தது. அதிலும் ஒரு சிட்டிகை. கேட்காமல்தான்.

யாரும் இல்லாத நேரம் வேப்பமரத்தில் கட்டினேன். அழகாக இருந்தது. அதுவும் பாவமா?

17, வியாழன்

ஐயா நட்சத்திரத்தைப் பிடுங்கிப் பிரித்தார். சாயத்துக்கு அடியில் ரூத்தின் கையெழுத்து. 'சனி: கூழில் கல் என்று முணுமுணுத்தேன்.' ஒவ்வொரு தாளுக்கும் ஐயா எண் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது.

அடிக்கும் முன் தம் இடது கையில் தாமே மூன்று அடி போட்டுக்கொள்வார். இன்றும் போட்டார். கண்ணில் நீர். அப்புறம் ரூத்துக்குப் பன்னிரண்டு என்றார். முதுகில். ரவிக்கை ஒட்டிக்கொண்டது. பதினொன்றில் பிரம்பை வைத்துவிட்டார்.

"இன்னொண்ணு பாக்கிங்க ஐயா," என்றாள் ரூத்து.

இரண்டு போட்டார். ஒன்று வாயில் பட்டது. உதடு பிளந்தது.

நான் மூன்றாவது வரிசையில். வாய் திறக்கவில்லை.

சமையல்கார மாரக்கா அடுப்படியில் முணுமுணுத்தாள். "பொறக்கறதுக்கு முந்தியே சாமி தீர்ப்புச் சொல்லிப்போட்டாருன்னா, அப்பறம் இந்தப் பெரம்பு எதுக்குங் கண்ணு?"

விரலில் சாயம் போகவில்லை. புளி, சாம்பல், கடைசியில் செங்கல் துண்டு. இப்போது எது சாயம், எது ரத்தம், தெரியவில்லை. துணி சுற்றியிருக்கிறேன். அரிவாள்மனை பட்டது என்று சொன்னேன்.

19, சனி

ரூத்தைத் தானிய அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மத்தியானம் கூழ் கொண்டுபோனேன். ஜன்னல் கம்பி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

"வெரலு எப்படி இருக்குது அம்மிணி?"

தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"நான் ஐயாகிட்டச் சொல்லிப்போடறேன் ரூத்து."

"சொல்லு பாக்கலாம். குரலே வல்லையே உனக்கு." சிரிக்கப் பார்த்தாள். உதடு விடவில்லை. "நாளைக்குச் சபை முன்னால நின்னு ஒத்துக்கோணுமாம். செய்யாததை என்னன்னு ஒத்துக்கறது? ஒத்துக்காட்டி சபைநீக்கம். திங்கக்கெழமை வெடிஞ்சதும் அப்பன் வண்டியோட வந்துருவாரு. சாட்டையும் வரும். போன வருசம் அக்கா கையை முறிச்சாரே, அதே அப்பன்தான்."

கூழைக் குடிக்கவில்லை. காந்துகிறதாம்.

நாளை சொல்லிவிடுவேன். எல்லார் முன்னாலும். சொல்ல வேண்டியதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். கோயிலில் பேசுகிற மாதிரி நல்ல தமிழில்.

20, ஞாயிறு

எப்படி எழுதுவது.

ரூத்து பலகை மேல் நின்றாள். முடியைக் கத்தரித்திருந்தார்கள். "செய்யலீங்க," என்றாள். அவ்வளவுதான். ஐயா சபைநீக்கம் வாசிக்கத் தொடங்கினார். எழுந்தேன்.

"ஐயா, நான் தெரிந்துகொள்ளப்பட்டவள்."

அடுத்துச் சொல்ல வைத்திருந்த வார்த்தை 'நோட்டு'. அதற்குள் பெண்கள் பக்கம் யாரோ அழுதார்கள். ஐயா பீடத்திலிருந்து இறங்கி வந்து முழங்காலில் விழுந்தார். என் முன்னால்! "கர்த்தர் உன்னைப் பொறுக்கி எடுத்தார், பிள்ளையே! இருபது வருஷமாக என் சொந்த ஆத்துமாவுக்கு நான் கேட்கிற நிச்சயம், இந்தச் சிறு பிள்ளைக்கு!"

பொறுக்கி எடுப்பதா? அதற்கு அதுவா அர்த்தம்?

"இல்லீங்க ஐயா, நான்..." என் வாயில் திருவிருந்து அப்பம். பிறகு திராட்சரசக் கிண்ணம், பல்லில் இடித்தது. மூப்பர் ஒருவர் தலையில் கை வைத்தார். விழுங்கிவிட்டேன்.

ரூத்து சிரித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டிலிருந்து ரத்தம் வழிய வழியச் சிரித்தாள். மூப்பர் திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தார். "கோயில்ல சிரிப்பாணி என்னடி உனக்கு?" பலகையோடு விழுந்தாள். இழுத்துக்கொண்டு போனார்கள். பாட்டு ஆரம்பித்தது. ஆர்மோனியம் இல்லாமல்.

சாயங்காலம் எனக்கு மட்டும் வெல்லம் போட்ட பொங்கல். வாந்தி எடுத்தேன்.

இப்போது எல்லாரும் தூக்கம். விடிந்ததும் வண்டி. வாயால் சொன்னால் மறுபடி அப்பம் கொடுப்பார்கள். ஐயா ஜெபத்துக்கு நாலு மணிக்கே எழுவார். அதற்கு முன் இந்த நோட்டு அவர் மேசையில் இருக்கும்.

ஐயா, கிழித்தது நான். லேயாள். ரூத்து இல்லை. விரல் துணியை அவிழ்த்துப் பாருங்கள். வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். இதில் நீங்கள் எண் போடவில்லை, நானே போட்டிருக்கிறேன். ஒரு தாளும் குறையவில்லை. எண்ணிப் பாருங்கள்.