தக்காளிக்குக் கட்டிய நிழல்

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடக்கம். காற்று துளியும் இல்லை. மொட்டைமாடியில் தக்காளிப் பூ மறுபடி உதிர்ந்து கிடக்கிறது. காம்பு மஞ்சளாகி, விரல் பட்டதுமே கையோடு வருகிறது.

நிழல் வலை வாங்கக் கடைவீதி போனேன். கடைக்காரர், "முழுசா மறைக்காதீங்கம்மா. பாதி வெயில் எறங்குற வலை போதும், இல்லன்னா செடி சும்மா நெட்டையா வளந்து நிக்கும்" என்றார். துணி காயப்போடும் கம்பியில் நானே கட்டினேன். கையெல்லாம் கீறல்.

கீழ்வீட்டு அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஏறி வந்து பார்த்தாள். "என்னடி சுமதி, பந்தலெல்லாம் போட்டிருக்க. தக்காளிக்குக் கல்யாணமா?"

சிரித்தேன். வேறென்ன செய்வது.

மே 6, செவ்வாய்

தண்ணீர் விடியலில் மட்டும். டாங்கித் தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறினால்தான் வேருக்கு ஆகும். குழாயில் முதலில் வருவது கொதிக்கிறது, அது பாத்திரம் கழுவ. செடியைச் சுற்றி மண் தெரியாமல் வைக்கோல். செடி நிற்கும் கருப்புப் பைகள் சூடேறாமல் இருக்க வெள்ளைத் துணி சுற்ற வேண்டும். துணி எங்கே? அவர் வேட்டிகள் பீரோவில் சும்மாதான் கிடக்கின்றன. கிழித்தேன்.

கத்தாரிலிருந்து அவர் வீடியோ காலில். ஆள் இன்னும் கறுத்திருக்கிறார். போனைத் திருப்பி மாடியைக் காட்டினேன்.

"செடிக்கெல்லாம் நெழல் கட்டிருக்க. எனக்கு இங்க யாரு கட்டுறா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சாப்பிடத் தோன்றவில்லை.

மே 7, புதன்

கறிவேப்பிலை கொடுக்கக் கீழே போனேன். அக்கா தன் தங்கையோடு போனில்: "வேற என்ன இருக்கு அவளுக்கு வளக்குறதுக்கு? தக்காளிய வளக்குறா."

படியிலிருந்தே திரும்பி வந்துவிட்டேன். கறிவேப்பிலையை ரசத்தில் போட்டேன்.

மே 9, வெள்ளி

திருக்கோகர்ணத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போய்த்தான் ஆக வேண்டும். செடிக்கு யார்? அக்காவை விட்டால் ஆள் இல்லை. மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். காலையில் மட்டும் தண்ணி, எலைல படாம அடில ஊத்துங்க, வலையத் தொட வேண்டாம்.

"போயிட்டு வாடி, நான் பாத்துக்கிறேன். என்னமோ புள்ளைய விட்டுட்டுப் போற மாதிரி."

மே 12, திங்கள்

பஸ்ஸில் ஒரே புழுக்கம். பையைக்கூட இறக்காமல் நேரே மாடிக்கு.

வலை சுருட்டி ஒரு மூலையில். மாடி முழுக்கப் பழைய சேலை விரித்து, அதில் கூழ் வத்தல். செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. இலை கையில் பொடிகிறது. பிடித்திருந்த காய்களில் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெள்ளையாக, வெந்த தோல் மாதிரி. மண் தொட்டால் சுடுகிறது.

கீழே போனேன்.

"வலைய ஏங்க்கா அவுத்தீங்க?"

"வத்தலுக்கு வெயில் வேணாமா? அப்பறம் கட்டலாம்னு இருந்தேன், மறந்து போச்சு."

"தண்ணியாவது ஊத்திருக்கலாம்ல."

"செடிதானடி. எங்க வீட்டு மாடில வத்தல் போடுறதுக்கு ஒங்கிட்ட உத்தரவு கேக்கணுமா?"

எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. "இந்த வீடே அவரு வெயில்ல நின்னு கட்டுனதுதான்க்கா" என்றேன்.

உள்ளே அவர் அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

மே 13, செவ்வாய்

காலையிலேயே அவர் போன். எனக்கு முன்னால் அண்ணன் பேசியாகிவிட்டது.

"அண்ணிகிட்ட அப்புடிப் பேசலாமா நீ?"

செடி கருகியதைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

"வீடு அண்ணன் பேர்லதான இருக்கு. நீ பாட்டுக்கு வாய விட்டா?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் தெரியாது.

"அப்ப எனக்கு லீவு கெடைக்கல. ரிஜிஸ்டருக்கு யாரு வர்றது? அண்ணன் பேர்ல போட்டாச்சு. யார் பேர்ல இருந்தா என்ன, ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான? அண்ணிகிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு."

போனை வைத்தேன். மாடிக்குப் போய் வலையை மறுபடி கட்டினேன். என் வீடு என்று நினைத்துப் பெருக்கிய மாடி.

மே 15, வியாழன்

டாங்கி காலி. மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில். யாரும் போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து மொட்டைமாடி வரை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "மோட்டார் ரிப்பேராங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

இரண்டு செடி தேறாது. பிடுங்கிவிட்டேன். மற்றவற்றில் கருகிய இலையைக் கிள்ளவில்லை. அடியில் இருப்பதற்கு அதுதான் இப்போது மறைப்பு. உரமும் போடக் கூடாது, வாடிய செடிக்கு அது விஷம். தண்ணீர், நிழல். அவ்வளவுதான்.

மே 17, சனி

ஒரு செடியில் கணுவில் பச்சையாக ஒரு துளிர். சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

அம்மா போனில், "கண்ணு நல்லாத் தெரியுது ஆத்தா. நீ எப்புடி இருக்க?" நல்லா இருக்கேன்.

மே 18, ஞாயிறு

வெயில் குறையவில்லை. சாயங்காலம் அவர் போன்.

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். மேல் வீட்ட ஒங்க பேருக்கு மாத்தி எழுதித் தரச் சொல்லி ஒங்க அண்ணன்கிட்ட கேளுங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கேப்பீங்களா, மாட்டீங்களா?"

தொண்டையைச் செருமினார். "அத விடு. செடியெல்லாம் எப்புடி இருக்கு?"

செடியைப் பற்றி அவராகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

நல்லா இருக்கு என்றேன்.