திறந்து கிடக்கும் மானிட்டர்

டமால்னு நேத்து நீங்க டிசைன் கம்ப்யூட்டரோட பழைய டப்பா மானிட்டர்ல விட்ட குத்துக்கு, பக்கத்து ஊட்டுச் சுப்பாத்தாளக்கா ஓடியே வந்துட்டாங்க. "குத்தினா ஆடற படம் நின்னுருமா?"ன்னு நான் கேட்டதுக்கு அடுத்த குத்து எனக்கு. என் உதடு கிழிஞ்சு ரத்தம் வந்ததைப் பாப்பா பார்த்துட்டா. அவளைக் கூட்டிக்கிட்டு ஊத்துக்குளிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். கூப்பிட வராதீங்க. வந்தா எங்கண்ணன் உங்க கையை ஒடிச்சிருவான்.

சோறும் ஆணமும் அடுப்பு மேல இருக்கு. என் சாவி சுப்பாத்தாளக்காகிட்ட.

மெக்கானிக் மருதாசலம் வந்து மானிட்டரோட பின்மூடியைக் கழட்டிப் பார்த்தான். உள்ளே முழுக்க நம்ம பனியன் பஞ்சு. அப்படியே திறந்து போட்டுட்டுப் பார்ட் வாங்கக் கோயமுத்தூர் போயிருக்கான், சாயங்காலம் வருவான்.

முனவர்

இதைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, திரும்பி ஓடி வந்து எழுதறேன். நிட்டிங் மிஷினை ஆஃப் பண்ணிட்டுக் கைவிட்டுப் பஞ்சைப் பிடுங்குவீங்களே, மானிட்டர்ல அப்படிச் செஞ்சிடாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் நிக்குமாம். தொட்டா ஆளையே தூக்கி அடிக்குமாம்.

காலையிலேயே எனக்கு இது தெரியும். "பாய்கிட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்கக்கா"ன்னு மருதாசலம் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான் அவன்கிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்:

"சொல்லாம விட்டா ஆள் செத்துருவாராப்பா?"