இரண்டாவது சாட்சி

அம்பாசமுத்திரம்,
1912 அக்டோபர் 21

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் அருமைநாயகம் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாயிருக்கிறோம். போன கிறிஸ்துமஸ் முதல் இந்த வரியை நான் உங்களுக்கு எழுதியதில்லை. இன்று வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன். நீங்களும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

ஆகஸ்டில் வந்த உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, கோபம். "சாலோமி மருந்து இல்லாமல் பூரண சுகமானதும் எழுது, வந்து அழைத்துப்போகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அக்காளுக்கு வாசித்துக்காட்டச் சொல்லியிருந்ததால் வாசித்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

நீங்கள் கப்பலேறிய பிறகு இங்கே நடந்ததை உங்கள் தாயார் சாரம்மாள் அத்தை உங்களுக்கு எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதினால் பிசாசு என்றுதான் எழுதியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

இன்பமணி பிறந்த பிறகு அக்காளுக்குத் தூக்கம் போனதும், ஓயாமல் பேசியதும், பிள்ளை தன்னுடையதல்ல என்றதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் போனதும் எலியேசர் உபதேசியார் சபையைக் கூட்டி உபவாச ஜெபம் வைத்தார். நான் இந்த ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப்போய், டாக்டர் காஜா முகைதீனிடம் மருந்து வாங்கினேன். ஜெபமும் நடந்தது, மருந்தும் உள்ளே போனது. அவள் தூங்க ஆரம்பித்தாள். போன வருஷம் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகைக்குள் பழைய சாலோமியாகவே ஆகிவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? சுகப்பட்டவர்கள் பண்டிகையில் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். உபதேசியார் சொல்லிக்கொடுத்தபடியே, "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று அவளும் சொன்னாள். சபை முழுதும் ஆமென் என்றது. மறுநாள் மருந்தை எடுத்துக்கொண்டு போனால் வாங்க மாட்டேன் என்கிறாள். "பூரண சுகம்னு சபை முன்னால சொல்லிட்டேன். இனி மருந்து குடிச்சா கர்த்தரைப் பொய்யராக்குன மாதிரி ஆயிரும்லா" என்றாள். நான் கத்தினேன், கெஞ்சினேன். புட்டியை முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டாள். உபதேசியார் அதைக் கேட்டு, "இதுதாம்வே விசுவாசம்" என்று என்னிடமே மெச்சினார்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அடைமழை பெய்து ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்கக் கூப்பிட்டாள். பிறகு இன்பமணியை முக்கப் போனாள். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த இசக்கியப்பன் பாய்ந்து இரண்டு பேரையும் கரைக்கு இழுத்துப் போட்டார். அத்தை அன்றே பிள்ளையை நாங்குநேரியிலுள்ள தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு நான் அத்தையைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாயிருந்தாலும் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருப்பேன்.

மற்றவர்களைத்தான் சொல்கிறேன். நம் உறவுக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம், சபையில் முன்பாயில் உட்காருகிறவர்) பேயோட்டக் கோடாங்கிக்காரனைக் கூப்பிடலாம் என்று என் காதில் ஓதினார். ஞாயிற்றுக்கிழமை வேதம், செவ்வாய்க்கிழமை உடுக்கு! இன்னொருவர் கட்டிலோடு கட்டிப்போடக் கயிறே கொண்டுவந்தார். எலியேசர் உபதேசியார் முறைக்காய்ச்சல் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொயினா மருந்து குடிக்கிறார். அதை ஒருவரும் விசுவாசக் குறைவு என்பதில்லை. நோய் தலைக்குள் வந்தால் மட்டும் அது பேய். மருந்து குடித்தால் பாவம். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "ஏலே, பள்ளிக்கூடத்துல படிச்ச வாயி உன்னைப் பேச வைக்குது" என்றார். அதற்குப் பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் என் வேலை ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் அவளைக் கண்டிப்பார், மூடநம்பிக்கை என்று நாலு வார்த்தை சொல்லுவார் என்று ஆசையாய் நின்றேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, காலையில ஜெபம் பண்ணுவியளா?" என்று கேட்டார். பண்ணுவேன் என்றாள். "அப்போ ஆமென் சொன்ன வாயோட இதையும் குடிச்சிருங்க. ராத்திரி ஜெபத்துக்கும் அதே மாதிரி" என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அவள் குடித்தாள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறவில்லை.

இன்னொன்றும் நியாயமாய்ச் சொல்லவேண்டும். மருந்து பிடிக்கும்வரை அவளைத் தனியே விட முடியாத நாட்களில், நான் பள்ளிக்கூடம் போனபோதெல்லாம் பக்கத்தில் இருந்தது சபைப் பெண்கள்தான். முறை வைத்து வந்தார்கள். கீர்த்தனை பாடினார்கள், தலை சீவிவிட்டார்கள், அவள் ஏசியதையும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது பேய் என்றுதான் எண்ணம். ஆனாலும் வந்தார்கள். மருந்து மட்டும் போதும் என்று நான் பேசித் திரிந்தேன். அவர்கள் வராவிட்டால் அந்த மருந்தை ஊற்றிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

உங்கள் கேள்வியையும் டாக்டரிடம் கேட்டேன். மருந்தை எப்போது நிறுத்தலாம் என்றேன். பையப் பைய அளவைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்துவது பற்றி இப்போது சொல்லமாட்டேன் என்றார். ஏன் அவசரம் என்று கேட்டதால் உங்கள் நிபந்தனையைச் சொல்லவேண்டியதாயிற்று. "உங்க அத்தான் மூக்குக்கண்ணாடி போடுவாரா?" என்றார். கணக்கு எழுதும்போது போடுவார் என்றேன். "அப்போ கண்ணாடி இல்லாம கண்ணு தெரிஞ்ச பொறகு வேலைக்கு வாரும்னு தோட்டத்துத் தொரைக்கு ஒரு கடுதாசி போடட்டுமா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள்.

இனிப் பண்டிகைச் சமாசாரம். கார் நெல் அறுப்பு நன்றாயிருந்ததால் போன வாரம் கோவில் நிறைய நெற்கட்டும் பூசணியும் கோழியும். அத்தையும் இன்பமணியோடு வந்திருந்தார்கள். அக்காளைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதத்தான் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பிள்ளையை அக்காள் பக்கம் விடாமல், பெண்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அதற்கு முந்தின வாரமே உபதேசியார் வீட்டுக்கு வந்து, சாலோமி மறுபடியும் சுகப்பட்டாளே, சாட்சி சொல்லவேண்டாமா என்று கேட்டிருந்தார். நான் கூடாது என்றேன். அவள் "சொல்லுதேன் ஐயா" என்றுவிட்டாள். மறுபடியும் பூரண சுகம், மறுபடியும் முருங்கை மரம், மறுபடியும் ஆறு என்றுதான் எனக்குத் தோன்றியது. காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்து அவள் எழுந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன வருசம் இங்கன நின்னு பூரண சுகம்னு சொன்னேன். பொய்யின்னு தெரிஞ்சு சொல்லல. ஆனா அந்த வார்த்தையக் காப்பாத்தணும்னு மருந்தை விட்டேன். என் பிள்ளையத் தண்ணியில முக்கப் போனதும் நான்தான். எங்களைக் கரையேத்துனது கர்த்தர். தூக்கம் தந்தது டாக்டர் மருந்து. அதையும் கர்த்தர்தான் தந்தாருன்னு நெனைக்கேன். இன்னிக்கிக் காலையிலயும் குடிச்சேன். நாளைக்கும் குடிப்பேன். அதுக்கு ஸ்தோத்திரம்." சொல்லிவிட்டு நின்றாள்.

சபையில் இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று ஆளுக்காள் உபதேசியார் முகத்தைப் பார்த்தார்கள். உபதேசியார் வேதப் புஸ்தகத்தைப் பார்த்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து உங்கள் தாயார், "ஏன் வாயடைச்சுப் போயி இருக்கிய? கோழிக்கு ஏலங் கூறுததுக்கு மட்டும் சத்தம் வருதோ? ஆமென் சொல்லுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார்கள். சொன்னார்கள் அத்தான். எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் முன்னால் சொன்னவர் உபதேசியார்.

அத்தை எழுந்து வந்து பிள்ளையை அக்காள் மடியில் இறக்கிவிட்டார்கள். இன்பமணி அடையாளம் தெரியாமல் அலறினாள். அக்காள் பதறவில்லை, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அத்தை நாங்குநேரிக்குத் திரும்பவில்லை. இங்கேதான் இருக்கிறார்கள். காலையில் ஜெபம் முடிந்ததும் மருந்தை ஊற்றுவது இப்போது அவர்கள்தான். ராத்திரி நான் ஊற்றும்போது அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் என்னை ஏசுகிறார்கள்.

நேற்று ஞாயிறு ஆராதனையில் உபதேசியார், "மருந்து கொடுக்கிற கைகளையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். அந்தக் கை ஒரு முகமதியருடையது என்பதால் பெயர் சொல்ல வாய் வரவில்லை. இருக்கட்டும், அவ்வளவாவது வந்ததே.

எதையும் மறைக்க மாட்டேன். அக்காளுக்குச் சில நாட்கள் மந்தமாயிருக்கும். கேட்ட கேள்விக்குத் தாமதமாய்ப் பதில் வரும். மருந்தினால் முகத்தில் பரு எழும்பியிருக்கிறது, பார்த்து மிரளவேண்டாம். மற்றபடி சிரிக்கிறாள், கோபித்துக்கொள்கிறாள், என்னை "நீ பெரிய வக்கீலு" என்று கேலி பண்ணுகிறாள். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் தெருவில் திரும்பினால், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

அத்தான், பூரண சுகம் என்ற வார்த்தையை இனி எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டோம், சொல்லவும் மாட்டோம். நீங்களும் கேட்காதீர்கள். உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இந்த மருந்தைக் கலந்து கொடுப்பார்களா என்று விசாரித்து ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம். அந்த ஒரு வரியை அக்காளுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாய் இங்கே வரும் வரத்தை.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
அருமைநாயகம்