மழையில் கொழுந்து பறித்த நாயகி

ஞாயிறு, இரவு

இன்று பதுளைக்குப் போய் மனைவி ரோசலினோடு படம் பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துக் கதை. நாயகி மழையில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், "ஒனக்குப் படம் பாக்கவே தெரியல" என்றேன். பழைய படங்களில் தோட்டம் என்றால் டூயட் பாடும் இடம்தான், இதில்தான் வேலையைக் காட்டியிருக்கிறார்கள் என்று பசறை பஸ் ஏறும்வரை விளக்கினேன்.

"இடுப்புல சாக்குப் படங்கு கட்டாம செடிக்குள்ள போனா சேல கிழிஞ்சிருங்க. அதான் சிரிச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் கட்டி ஆறு வருசமா நானும் நனைஞ்சுக்கிட்டுத்தான் வர்றேன். ஒருநாளாவது ஒங்க கண்ணு கலங்குச்சா?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை.

நான் பசறையில் கடையில் நிற்பவன். அவள் மலையில் கொழுந்து பறிப்பதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

"பாக்க என்னங்க இருக்கு?" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

படம் நல்ல படம்தான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கண் கலங்கியதா என்று அவள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை.