வலது கண்ணும் இரண்டு பிள்ளைகளும்

மார்ச் 3, திங்கள்

கடையில் இன்று நான்கு பேண்ட், ஒரு சீருடை, இரண்டு ஜன்னல் திரை. ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்றுவிட்டுக் கடைசியில் முதலாளியம்மாவிடம் நீட்டினேன். பேருக்குத்தான் முதலாளி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கண்ணைக் காட்டுங்கள், நாள் கடத்தாதீர்கள் என்றாள்.

மாலையில் பெரியவள் பள்ளிக்கூட வேலை முடிந்து பஸ்ஸில் போகும்போது பேசினாள். அவள் நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன். ஐந்து நிமிடம்.

மார்ச் 6, வியாழன்

கண் மருத்துவமனை. வலது கண்ணில் புரை. இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். அன்றைக்கே வீடு திரும்பலாம், கூட ஒரு ஆள் வேண்டுமாம்.

படிவத்தில் ‘உடன் வருபவர்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெரியவளுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் நேரம். சின்னவன் மேசை நாற்காலி செய்யும் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் அப்பா இருந்திருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது. முதலாளியம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

உடம்பு எப்படி என்று பெரியவள் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கண்தானே.

மார்ச் 13, வியாழன்

நூல் கடைக்குப் போன் செய்யப்போய், எழுத்து சரியாகத் தெரியாமல் சின்னவன் நம்பரை அழுத்திவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். பகல் பதினொன்றரை மணி. பின்னால் துணி துவைக்கும் மெஷின் ஓடுகிறது. ஆபீஸ் போகவில்லையா என்றேன். லீவு என்றான்.

மாலையில் பெரியவளிடம் அதைச் சொன்னேன். “அவனுக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சும்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்” என்றாள்.

ரெண்டு மாசமா? தினமும் ஆபீஸ் எப்படிப்பான்னு கேட்டேனே — தினமும் ஒரே வேலைம்மான்னானே. அக்காவுக்குத் தெரியலாம், அம்மாவுக்குத் தெரியக்கூடாதா? நான் என்ன வேத்து மனுஷியா? பெத்தவகிட்ட மறைக்க அப்படி என்னதான் இருக்கு?

மார்ச் 14, வெள்ளி

காலையில் நேற்று எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு, பீரோவில் மடித்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டை நினைத்தேன். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.

மத்தியானம் சின்னவனைக் கூப்பிட்டேன். திட்டுவதற்குத்தான். வாயைத் திறந்ததும் கண் விஷயம் முந்திக்கொண்டது. தேதி, புரை, முதலாளியம்மா வருவது, எல்லாம் சொல்லி முடித்தேன்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

அந்தப் பக்கம் விட்டு விட்டு மூச்சு கேட்டது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிக்கிறான். எனக்கும் வந்துவிட்டது. ஆர்டர் குறைந்துபோய் ஆறு பேரை அனுப்பிவிட்டார்களாம். முதல் வாரம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பேனே என்று பயமாம்.

“நான் சும்மாதானேம்மா இருக்கேன். நான் வரேன்.”

மார்ச் 22, சனி

இன்று எழுதுவது நான் இல்லை. நான் சொல்லச் சொல்லச் சின்னவன் எழுதுகிறான். நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து. குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெரியவள் போனில் எங்கள் இரண்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினாள், அவள் வகுப்புப் பிள்ளைகள் பாவம். முன்பக்கங்களைப் புரட்டக்கூடாது என்று இவனுக்கு உத்தரவு.

(புரட்டவில்லை. அம்மா அடுப்புப் பக்கம் இரண்டு தடவை போனாள், மூன்று தடவை குனிந்தாள். இதை எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். — மகன்)

மார்ச் 30, ஞாயிறு

சின்னவன் ஊருக்குப் போனான். நாளை மறுநாள் ஒரு இடத்தில் நேர்முகத் தேர்வு. கிடைக்காவிட்டாலும் அன்றே சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

கிடைக்கவில்லை. மூன்று மணிக்கே சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 16, புதன்

மதியம் கடையில் இருக்கும்போது பெரியவள் கூப்பிட்டாள். இந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். தாள் திருத்தியதில் இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டுவிட்டாளாம். தலைமை ஆசிரியை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். ஆய்வுக்கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள், இப்படி ஒன்றை என்னிடம் சொன்னதே இல்லை.

போன வாரம் ஒருவர் பேண்ட்டை இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன், புதுக் கண்ணை வைத்துக்கொண்டு. அதைச் சொன்னேன். மூக்கடைத்த குரலில் சிரித்தாள். அதற்குள் மணி அடித்தது. முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மறுபடி கூப்பிட்டாள். எடுத்ததும் கேட்டாள்:

“அந்த பேண்ட் என்னம்மா ஆச்சு?”