ஓணான்மேட்டில் எடுத்த தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் தாங்கவில்லை. ஆபீஸ் ஃபேன் மறுபடியும் சத்தம்.

எங்கள் குடிநீர் வாரியம் மாநிலம் முழுக்க எடுக்கும் தண்ணீர்த் தேவைக் கணக்கெடுப்பு. எந்த ஊருக்கு என்ன வேண்டும், குழாயா, தொட்டியா, புது இணைப்பா, எவ்வளவு செலவாகும். எல்லா மாவட்டமும் சேர்த்துச் சென்னையில் ஒரே பட்டியல். அதைக் காட்டித்தான் நிதி கேட்பார்களாம். பட்டியலில் விட்டுப்போகும் ஊருக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடையாது என்று இ.இ. மீட்டிங்கில் சொன்னார். செயற்பொறியாளராக இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. என்னைவிடச் சின்னவர். நல்ல மனிதர்.

என் பங்குக்குப் பதினான்கு ஊர்கள், பள்ளிகொண்டாவைச் சுற்றி. ஒன்பதாவது பெயர் ஓணான்மேடு. அதைப் பார்த்ததும் டீயை அப்படியே ஓரம் தள்ளினேன்.

வாங்க: குடை, பேனா ரீஃபில், பிரஷர் மாத்திரை.

ஜூன் 4, புதன்

ஓணான்மேட்டுக்கே முதலில் போனேன். தள்ளிப்போட்டால் போகவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் கட்டிய தொட்டி. பெயின்ட் உரிந்து கிடக்கிறது. வீட்டுக்கு வீடு குழாய். திறந்தால் கண்ணாடி போலத் தண்ணீர். வாயில் வைத்தேன். உப்பு, அடியில் ஒரு கசப்பு. துப்பிவிட்டேன்.

மோட்டார் போடும் பெண் தேவகி. முப்பத்தைந்து இருக்கும். முன்பு அவள் கணவர் பழனி பார்த்த வேலை. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறதாம்.

"இதுல பருப்பு வேகாது மேடம். பால் ஊத்துனா திரிஞ்சிடும். சோப்பு கூட நொரைக்காது. குடிக்கறதுக்கு கேன்தான். கேன் வாங்க முடியாதவங்க ரெண்டு மைல் நடந்து கெணத்துக்குப் போறாங்க."

"போர்டுக்கு எழுதிப் போட்டீங்களா?"

"போட்டோம். தண்ணி நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் இருக்குதாம். இன்னா பண்றது?"

தோல் பதனிட்ட கழிவு வருஷக்கணக்காக மண்ணுக்குள் இறங்கியது. எந்தத் தொழிற்சாலை விட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாதி மூடியே போய்விட்டன.

படிவம். தொட்டி: உண்டு. இணைப்பு: உண்டு. தரச்சான்று: உண்டு. மூன்றையும் போட்டதும் கம்ப்யூட்டர் தானாகவே கடைசி வரியை நிரப்பியது. தேவை இல்லை.

அந்தச் சான்றில் இருப்பது என் கையெழுத்து.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். எழுதியே விடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள்.

தொட்டி கட்டிய அந்த வருஷம் இரண்டு முறை தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டும் தேறவில்லை. தொட்டி கட்டி முடித்தாயிற்று, திறக்க ஆள் வரவேண்டும், சான்று வேண்டும். அப்போதிருந்த பெரிய அதிகாரி, இப்போது ஓய்வில் இருக்கிறார், சொன்னார்: "நல்ல மழை ஒண்ணு வரட்டும்மா. மறுவாரம் எடு. பாஸ் ஆயிடும்." பாலாற்றில் தண்ணீர் ஓடிய வாரம் போய் எடுத்தேன். தேறிவிட்டது. முந்தைய இரண்டையும் ஃபைலில் சேர்க்கவில்லை.

பொய் எழுதவில்லை, அந்த வாரம் அது நல்ல தண்ணீர்தான். ஆறு வருஷமாக இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று புதுக் குறிப்பு சேர்த்தேன். 'நீர் குடிக்கத் தகுதியற்றது. முந்தைய சான்று மழைக்குப் பின் எடுத்த ஒரே ஒரு நீர் மாதிரியை வைத்துத் தரப்பட்டது. தந்தவர் நான்.' கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து புது இணைப்பு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்தை அடித்து எழுத வேண்டியதாயிற்று.

இ.இ. இரண்டு முறை படித்தார்.

"மெமோ வரும் மேடம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ரிட்டயர்மென்டுக்கு எவ்ளோ இருக்கு?"

"ஏழு வருஷம்."

பிறகு இன்னொரு சிக்கல் சொன்னார். புது இணைப்பு கேட்க ஊரில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. ஓணான்மேடு பதினேழு பேர் குறைவு. தொட்டி கட்டும்போது வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. நல்ல தண்ணீர் இல்லாமல்தான் பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

ஞாயிறு நேரில் போய் ஒரு முறை எண்ணிவிடச் சொன்னார்.

ஜூன் 7, சனி

வேலூர் லாங் பஜாரில் குடை வாங்கினேன். நீலம். ஒரு கம்பி இப்போதே ஆடுகிறது. மாத்திரை மறந்துவிட்டேன்.

தேவகிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"பதினேழு பேர்தான கம்மி? வுடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்."

"தேவகி, ஊர்ல இருக்கறவங்களத்தான் எண்ணுவேன்."

"நாளைக்கு இருப்பாங்க மேடம்."

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்குப் போனபோது ஊர் திருவிழா போல இருந்தது. ஆம்பூரிலிருந்து, வாலாஜாபேட்டையிலிருந்து, இன்னும் எங்கிருந்தெல்லாமோ. தோளில் பை, இடுப்பில் குழந்தை. மூடிக்கிடந்த வீடுகளைத் திறந்து கூட்டியிருந்தார்கள். ஒரு வீட்டுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை, கல்லால் உடைத்தார்கள். கோயிலுக்குப் போகாமல் நேரே வந்துவிட்டோம் என்றார்கள் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்து தேவகி தக்காளி சாதம் கிண்டியிருந்தாள், கேன் தண்ணீரில்.

சேகர் என்று ஒருவர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. "வாரத்துல ஒரு நாள்தான் லீவு மேடம். வந்துட்டோம். எழுதிக்குங்க."

"இங்கதான் இருக்கீங்களா?"

மனைவியைப் பார்த்தார். மனைவி குழந்தையின் தலையைப் பார்த்தாள்.

"தண்ணி வந்தா இருப்போம்" என்றார்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். சேர்த்து எழுதினால் வரம்பைத் தாண்டிவிடும். பேனாவைத் திறந்தேன். மழை வாரத்துத் தண்ணீரை வருஷம் முழுவதற்கும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இந்த ஞாயிற்றுக்கிழமையையும் அப்படியே எழுதுவதா? முடியவில்லை. தனித்தாளில் எழுதினேன். 'குடிநீர் இல்லாமல் வெளியேறியவர்கள். கிடைத்தால் திரும்புவதாகச் சொல்கிறார்கள்.' நாற்பத்தொரு பெயர். பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கினேன்.

தேவகி கவனித்துவிட்டாள்.

"தனியா எழுதறீங்க?"

"ஆமா."

"ஒண்ணா எழுதுனா இன்னா மேடம்?"

அடுத்த பெயரை எழுதினேன்.

ஐந்து மணி பஸ்ஸில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூட்டை உடைத்த வீட்டுக் கதவைக் கயிற்றால் கட்டினார்கள். சேகர் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அது இன்னும் உறுத்துகிறது.

ஜூன் 12, வியாழன்

மெமோ வந்தது. பதினைந்து நாளில் விளக்கம். பக்கத்து சீட்டில் யாரோ, "இந்தம்மாக்கு எதுக்கு இந்த பேஜாரு?" கேட்காதது போல இருந்தேன்.

மதியம் எலுமிச்சை சாதம், பாதி வைத்துவிட்டேன். கொஞ்சம் தூறல்.

ஜூன் 19, வியாழன்

பட்டியல் முடிவானது. என் பதினான்கு ஊர்களில் பதின்மூன்று இருக்கிறது. ஓணான்மேடு இல்லை. தனித்தாள் திரும்பி வந்தது, சிவப்பு மையில் 'விதியில் இடமில்லை'.

இ.இ. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்ணா எழுதியிருந்தீங்கன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன் மேடம். அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம அனுப்புனேன்."

எனக்கு அது புரியவே இல்லை அன்றைக்கு. புரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? தெரியவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவினேன். அங்கே வருவது நல்ல தண்ணீர்.

ஜூன் 21, சனி

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். வெயில், காற்றே இல்லை.

தேவகி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் ஊர் இல்லை என்று சொன்னேன். "ம்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சான்று கொடுத்தது நான்தான், மழைக்கு அப்புறம் பார்த்து எடுத்தேன், முன்னால் இரண்டு முறை தேறவில்லை, மறைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மடிப்பதை நிறுத்தினாள்.

"தொட்டி தொறந்தது கோடைல. கரிக்குதுன்னு ஒருத்தரும் வாய்ல வெக்கல. எங்க வூட்டுக்காரருதான் எல்லார் எதிர்லயும் ஒரு சொம்பு குடிச்சாரு. 'இன்ஜினியரம்மா டெஸ்ட் பண்ணி கையெழுத்து போட்ருக்காங்க, பயப்படாம குடிங்க'ன்னாரு. ஊருல ஒரு மாசத்துல வுட்டுட்டாங்க. அவரு வுடல. ஆபரேட்டரே குடிக்கலன்னா எவன் குடிப்பான்னுட்டு, மூணு வருஷம் குடிச்சாரு. எங்களுக்கு கேன் வாங்கிக் குடுத்துட்டு அவரு மட்டும் இத குடிச்சாரு."

குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கிட்னி போய்டுச்சு. இந்தத் தண்ணியாலயான்னு டாக்டரக் கேட்டேன். அப்படி சொல்ல முடியாதும்மான்னுட்டாரு. இத்தினி வருஷம் யாரைக் கேக்கறதுன்னு தெரியாமதான் இருந்தேன். நீங்க சொல்லுங்க மேடம்."

அவள் உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன்.